விடுவிப்பதற்கென்றே ஒரு முடிச்சு

வரலாற்றிலும் இலக்கியத்திலும் ஈடுபாடுடைய நண்பர்கள் நால்வர் கூடிவிட்டால், பேச்சு எங்கே தொடங்கினாலும் சற்று நேரத்தில் ஒருவரையொருவர் சோதிக்கத் தொடங்கிவிடுவது இயல்பு. "செங்கல் இல்லை, மரம் இல்லை, உலோகம் இல்லை, சுண்ணாம்பும் இல்லை. ஆயினும் மூவருக்கு ஒரு கோயில் எழுந்தது. எங்கே?" என்பார் ஒருவர். மற்றவர்கள் விழிப்பார்கள். மூவர் யார் என்று ஒருவர் கேட்க, பிரமன், ஈசன், திருமால் என்று ஒரு பிடி கிடைக்கும். கோயில் எடுத்த மன்னன் தன் பட்டப்பெயர்களுள் ஒன்றையே தலைப்பில் தாங்கிய ஓர் அங்கத நாடகத்தையும் எழுதியவன் என்று அடுத்த பிடி கிடைக்கும். மத்தவிலாசம் எழுதிய முதலாம் மகேந்திரவர்மன் நினைவுக்கு வந்ததும், விழுப்புரம் அருகே உள்ள மண்டகப்பட்டுக் குடைவரையும் கூடவே வந்துவிடும். விசித்திரசித்தன் இக்கோயிலை இன்னின்ன பொருள்கள் இன்றியே எடுத்தான் என்று அங்குள்ள வடமொழிக் கல்வெட்டுக் கூறுவதே, சற்று மாற்றினால் ஒரு புதிராகிவிடுகிறது.

விடை கண்டவர் உடனே தம் முறைக்கு ஒன்று தொடுப்பார். "கல்லும் இல்லை, மரமும் இல்லை. வெறும் நீராலேயே நட்ட வெற்றித் தூண் எது?" கங்கைவரை படை செலுத்திய இராசேந்திர சோழன், வென்ற அரசர்களிடமிருந்து பெற்ற கங்கை நீரைக் கொண்டு அமைத்த சோழகங்கம் என்னும் ஏரிதான் அது. நீர்மயமான வெற்றித் தூண் என்று அதனை வருணிப்பவை திருவாலங்காட்டுச் செப்பேடுகள். கங்கைகொண்ட சோழபுரத்தை அடுத்துள்ள அவ்வேரி இன்று பொன்னேரி எனப்படுகிறது.

பொழுதுபோக்குத்தானே என்று இதனை ஒதுக்கிவிடலாம். ஆனால் இவ்விளையாட்டுக்குத் தமிழில் எத்தனை வயது என்று பின்னோக்கிப் பார்க்கப் புகுந்தால், பயணம் நேரே தொல்காப்பியத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறது.

பிசியும் நொடியும்

தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் செய்யுளியல், யாப்பு வழங்கும் இடங்களாக ஏழினைக் கூறுகிறது. பாட்டு, உரை, நூல், வாய்மொழி, பிசி, அங்கதம், முதுசொல் என்பன அவை. இவற்றுள் பிசி என்பதே நாம் இன்று விடுகதை என்றும் புதிர் என்றும் அழைப்பது. பாட்டும் நூலும் அமர்ந்திருக்கும் அதே வரிசையில் விடுகதைக்கும் ஓர் இருக்கை போட்டிருக்கிறார் இலக்கண ஆசிரியர். சிறுவர் விளையாட்டு என்று அவர் அதனைத் தள்ளவில்லை. இத்தனை அடிகளில்தான் அமையவேண்டும் என்ற வரையறை இல்லாதவற்றுள்ளும் பிசியை ஒன்றாக வைக்கிறார்.

அதற்கு இலக்கணமும் உண்டு. பிசி இரு வகைப்படும். உவமையோடு கூடி வருவது ஒன்று; தோன்றும் அடையாளங்களைச் சொல்லிப் பொருளைத் துணிய வைப்பது மற்றொன்று. பழைய உரைகளில் இவற்றுக்கு எடுத்துக்காட்டுகள் இருக்கின்றன. பிறையைக் கவ்வியபடி ஒரு மலை நடக்கிறது என்றால், அது தந்தமுடைய யானை. இது உவமை வகை. பூக்கும்போது முத்தைப் போலவும், முதிரும்போது கிளியின் நிறமாகவும், பின்னர்க் குருதி நிறமாகவும் மாறுவது எது என்றால், அது கமுகு. பொருளின் வளர்ச்சியைப் படிப்படியாகக் கண்முன் வைத்து, கேட்பவர் தாமே முடிவுக்கு வரும்படி விட்டுவிடுகிறது இவ்வகை.

பிசியைப் பற்றிப் பேசும்போது தொல்காப்பியர் 'நொடி' என்னும் சொல்லையும் சேர்த்தே வழங்குகிறார். பிசி என்ற சொல் வழக்கொழிந்துவிட்டது. நொடி ஒழியவில்லை. ஈழத்தில் இன்றும் விடுகதைக்கு நொடி என்றே பெயர். தமிழ்நாட்டின் சில பகுதிகளில் அழிப்பான்கதை என்ற பெயரும் உண்டு. இப்பெயர்களுள் விடுகதை என்பது நம்மை நின்று யோசிக்க வைப்பது. விடுவிக்க வேண்டிய கதை விடுகதை. முடிச்சைப் போடும்போதே அவிழ்ப்பது அதன் பெயரில் சேர்ந்துவிட்டது. அவிழ்க்கவே முடியாத முடிச்சை ஒருவர் போட்டால், அது கடினமான விடுகதை ஆகாது, விடுகதையே ஆகாது.

வினாவுக்குள் விடை

ஊர்த்திண்ணையில் பிறந்த இவ்விளையாட்டு, புலவர் அவைக்குச் சென்றதும் பட்டாடை உடுத்திக்கொண்டது. 12ஆம் நூற்றாண்டினது எனக் கருதப்படும் தண்டியலங்காரத்தின் சொல்லணியியலில் சித்திரகவி வகைகள் பல பேசப்படுகின்றன. முன்னிருந்தும் பின்னிருந்தும் ஒன்றுபோலவே படிக்கப்படும் மாலைமாற்று, ஒரு செய்யுளுக்குள் மற்றொன்றை ஒளித்துவைக்கும் கரந்துறைச் செய்யுள் என்று அப்பட்டியல் நீள்கிறது. அவற்றுள் இரண்டு, நண்பர்கள் தமக்குள் தொடுத்துக்கொள்ளும் கேள்விகளுக்கு மிக நெருங்கிய உறவினர்.

ஒன்று வினாவுத்தரம். இதில் பல சிறு வினாக்கள் அடுக்கப்படும். ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் சிறு விடைகளை வரிசையாகச் சேர்த்தால், இறுதி வினாவின் விடை வந்து நிற்கும். இதற்குக் காட்டப்படும் பழைய எடுத்துக்காட்டின் சாரம் இது. பூமகளின் பெயர் என்ன? திரு. புறப்படுபவனை ஏவும் சொல் எது? ஏகு. போர்க்கணையின் பெயர் என்ன? அம்பு. அழகுக்கு ஒரு பெயர் சொல்க. அம். பிறை சூடிய பெருமான் உவந்து உறையும் இடம் எது? நான்கையும் கூட்டிப் பாருங்கள். திருவேகம்பம். காஞ்சியின் ஏகம்பம் கேள்விகளின் ஊடாகவே எழுந்து நிற்கிறது.

இதன் நேர்த்தியைக் கவனிக்க வேண்டும். காஞ்சிக் கோயிலை முன்பே அறிந்தவர், இறுதி விடையிலிருந்து பின்னோக்கி வந்து சிறு விடைகளைச் சரிபார்க்கலாம். அறியாதவரோ சிறு விடைகளைக் கோத்துக்கொண்டே சென்று, தாம் அதுவரை கேள்விப்படாத ஒரு பெயரைத் தாமே உண்டாக்கிவிடலாம். அறிந்தவருக்கு ஒரு வழியும் அறியாதவருக்கு ஒரு வழியும் திறந்து வைத்திருக்கிறார் புலவர். நாமும் ஒன்று கட்டிப் பார்ப்போம். உளிக்கு இடம் கொடுப்பது எது? பஞ்சினால் செய்து படுக்கையில் இடுவது எது? கரிகாலன் பெயரைக் காவிரியில் நிறுத்தியது எது? கல், அணை, கல்லணை. இலக்கண நூல் வகுத்த அச்சில் இன்றும் வார்க்கலாம் என்பதற்கு இது போதும்.

மற்றொன்று எழுத்து வருத்தனம். வருத்தனம் என்றால் இங்கே வளர்தல். ஒரு சொல்லின் முன்னே ஒவ்வோர் எழுத்தாகச் சேர்க்கச் சேர்க்க அது வேறுவேறு பொருளாக மாறிக்கொண்டே செல்லும். கம் என்றால் தலை. முன்னே ஓர் எழுத்துச் சேர்ந்தால் நகம். அதற்கு மலை என்று பொருள். இன்னும் ஓர் எழுத்து, கநகம், அது பொன். இன்னும் ஒன்று, கோகநகம், அது தாமரை. தலை, மலை, பொன், தாமரை என்னும் நான்கு பொருள்களுக்கும் அடையாளம் சொல்லிச் சொல்லைக் கண்டுபிடிக்கக் கேட்கிறது செய்யுள். எழுத்தைக் கூட்டியும் குறைத்தும் விளையாடும் இக்காலத்துச் சொற்புதிர்களை மேலைநாட்டு இறக்குமதி என்று எண்ணுவோர், இதனை ஒருமுறை படித்துவிட்டுப் பின்னர் முடிவு செய்யலாம்.

எட்டேகால்

தனிப்பாடல்களில் வழங்கும் ஒரு கதையைத் தமிழறிந்தவர் பலரும் கேட்டிருப்பர். ஒரு காலின்மேல் நான்கு இலைகளால் பந்தல் போட்டதுபோல நிற்பது எது என்று, 'அடீ' என்ற விளியும் சேர்த்துக் கம்பர் ஔவையாரிடம் கேட்டாராம். விடை, ஆரைக்கீரை. வயல் வரப்பிலும் குளக்கரையிலும் ஈரத்தில் முளைப்பது. ஒரு காம்பின் உச்சியில் நான்கு இலைகள் விரிந்திருக்கும். ஔவையார் விடையை நேராகச் சொல்லவில்லை. 'யாரை அப்படிச் சொன்னாய்' என்று பேச்சு வழக்கில் திருப்பிக் கேட்பதுபோல 'ஆரை' என்ற சொல்லிலேயே விடையை வைத்து, 'அடா' என்று வட்டியையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார்.

அத்தோடு விடாமல், எட்டேகால் இலட்சணமே என்று கம்பரை விளித்ததாகவும் கதை சொல்கிறது. தமிழ் எண்களில் எட்டைக் குறிப்பது அகர வடிவம். காலைக் குறிப்பது வகர வடிவம். எட்டும் காலும் சேர்ந்தால் 'அவ'. எனவே அவலட்சணம்! வசை என்று உறைப்பதற்கே கேட்டவர் கணக்குப் போட்டாக வேண்டும்.

இப்படி ஓர் உரையாடல் உண்மையில் நிகழ்ந்தது என்பதற்கு வரலாற்றுச் சான்று கிடையாது. ஔவையார் என்ற பெயரில் வெவ்வேறு காலங்களில் புலவர்கள் இருந்திருக்கின்றனர். ஆயினும் இக்கதை வேறு ஒன்றுக்குச் சான்றாகிறது. இது நகைப்பை விளைவித்த காலத்தில், கேட்டவர்கள் அனைவருக்கும் ஆரைக்கீரை கண்ணால் கண்ட பொருளாக இருந்தது. அகரம் எட்டு என்பதும் வகரம் கால் என்பதும் விரல்நுனியில் இருந்தன. மா, காணி, முந்திரி என்று இருபதில் ஒன்றும், எண்பதில் ஒன்றும், முந்நூற்று இருபதில் ஒன்றும் நில அளவையில் புழங்கிய நாடு இது. பிள்ளைகள் எண்சுவடியில் பின்னங்களை மனப்பாடம் செய்த நாடு. அந்தக் கணக்குப் பள்ளிக்கூடங்களை விட்டுப் போய்விட்டது. ஆனால் எட்டேகால் இலட்சணத்தை விளக்கப் புகும் ஒவ்வொருவரும் இன்றும் இரண்டு தமிழ் எண்களைக் கற்பித்துவிட்டுத்தான் நகர்கிறார்.

இத்தகைய பாடல்கள் நெடுங்காலம் வாய்மொழியிலும் ஏடுகளிலும் சிதறிக் கிடந்தன. 19ஆம் நூற்றாண்டில் இராமநாதபுரம் பொன்னுச்சாமித் தேவரின் விருப்பத்திற்கிணங்கத் தில்லையம்பூர்ச் சந்திரசேகர கவிராச பண்டிதர் தனிப்பாடல் திரட்டைத் தொகுத்தார். காப்பியங்களைத் தேடிப் பதிப்பித்தவர்களுக்கு நாம் செலுத்தும் நன்றியில் ஒரு பங்கு, இச்சிறு விளையாட்டுகளைச் சேர்த்து வைத்தவர்களுக்கும் உரியது.

குறடும் கருணையும்

எல்லாப் புதிர்களும் நட்பில் பிறந்தவை அல்ல. மகாபாரதத்தில் பொய்கைக் கரையில் யட்சன் கேட்ட கேள்விகளைப் பொருட்படுத்தாமல் நீர் அருந்திய நால்வர் மாண்டு வீழ்ந்தனர். விடை சொன்ன தருமனாலேயே அவர்கள் மீண்டனர். தமிழ்ப் புலவர் கதைகளிலும் இவ்வகை உண்டு. திருமலைராயன் அவையில் காளமேகம் பாடியதாகச் சொல்லப்படும் எமகண்டத்தில், தவறினால் கீழே கொதிக்கும் கொப்பரை. வில்லிபுத்தூராரோ தம்மிடம் வாதில் தோற்ற புலவர்களின் காதைக் குறடு கொண்டு அறுத்துவிடுவார் என்பது செவிவழிச் செய்தி.

அந்த வில்லிபுத்தூரார் அருணகிரிநாதரை எதிர்கொண்ட கதையே நம் பேச்சுக்கு வேண்டியது. அருணகிரியார் கந்தரந்தாதியை ஒவ்வொரு பாடலாகப் பாடிச் செல்ல, வில்லியார் உடனுக்குடன் பொருள் சொல்லி வந்தாராம். 54ஆம் பாடல் முழுவதும் தகர வருக்க எழுத்துகளாலேயே அமைந்தது. அங்கே வில்லியார் நின்றுவிட்டார். விதிப்படி குறடு இப்போது அருணகிரியார் கைக்கு வரவேண்டும். அவரோ அப்பாடலுக்குத் தாமே பொருளை விளக்கினார். காதறுக்கும் வழக்கத்தை அன்றோடு விட்டுவிடும்படி கேட்டுக்கொண்டார் என்பர்.

கதையை இயற்றியவர் எவராயினும், விடுகதையின் அறத்தை அவர் அறிந்திருந்தார். முடிச்சுப் போட்டவருக்கு அதனை அவிழ்த்துக் காட்டும் கடமையும் உண்டு. எதிராளி திகைத்து நின்றபின் விடையை மறைத்து வைத்துக்கொள்வது வெற்றி ஆகாது. குறடு கையில் இருக்கும்வரை கேட்பவரும் சொல்பவரும் ஒரே பாட்டை இரசிக்கவே முடியாது.

இதற்கு மறுபுறமாக, வலையாக விரிக்கப்பட்ட கேள்வியை விளையாட்டாக மாற்றியவரும் நம்மிடையே வாழ்ந்திருக்கிறார். நாகர்கோவில் இடலாக்குடியில் 1874இல் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர், 1907 மார்ச் 10 அன்று சென்னை விக்டோரியா நகரமண்டபத்தில் சதாவதானம் நிகழ்த்தியவர். ஒரே வேளையில் நூறு செய்திகளில் கவனம் செலுத்தி விடையளிப்பது சதாவதானம். இசுலாமியரான அவருக்கு ஓர் அவையில், துருக்கனுக்கு இராமன் துணை என்று பொருள்படும் ஈற்றடியைக் கொடுத்து வெண்பாவை முடிக்கச் சொன்னதாக ஒரு செய்தி வழங்குகிறது. பாவலர் முந்தைய அடியின் இறுதியில் 'சத்' என்னும் ஓரசையை வைத்தார். துருக்கன் சத்துருக்கனாகிவிட்டான். இராமன் தன் இளவலுக்குத் துணை என்பதில் யாருக்கு என்ன தடை? தண்டியலங்காரம் எழுத்து வருத்தனத்தில் செய்து காட்டிய அதே வித்தைதான். சினத்தால் பதில் சொல்லியிருக்கக்கூடிய இடத்தில் ஓரசையால் பதில் சொன்னதனால், கேட்டவரும் சேர்ந்து கைதட்டும் நிலை உண்டாயிற்று.

பரிசுப் பணம்

20ஆம் நூற்றாண்டில் குறட்டின் இடத்தைப் பணம் பிடித்தது. 1913 டிசம்பர் 21 அன்று நியூயார்க் வேர்ல்ட் நாளிதழில் ஆர்தர் வின் வெளியிட்ட கட்டப்புதிர், குறுக்கெழுத்து என்ற பெயரோடு தமிழ் இதழ்களுக்கும் வந்தது. ஆனந்த விகடன் உள்ளிட்ட இதழ்களில் குறுக்கெழுத்துப் போட்டிகள் பெரும் வரவேற்பைப் பெற்றன. நாடெங்கும் பரிசுத் தொகைகள் பெருகவே, இந்திய நாடாளுமன்றம் 1955இல் பரிசுப் போட்டிகள் சட்டத்தை இயற்றி, ஒரு திங்களில் 1,000 ரூபாய்க்கு மேற்பட்ட பரிசைத் தடை செய்தது. அறிவுத் திறனால் வெல்லும் போட்டி வேறு, சூதாட்டம் வேறு என்று 1957இல் உச்ச நீதிமன்றம் வரம்பு கட்டியது. வேறுபாடு எளிது. பணத்துக்கான கட்டத்தில் இரண்டு மூன்று சொற்கள் சமமாகப் பொருந்தும். எதனை அச்சிட்டவர் நினைத்தார் என்று ஊகிப்பதே போட்டி. விடுகதையிலோ விடை தெரிந்தவுடன், வேறு எதுவும் அங்கே பொருந்தாது என்ற தெளிவும் கூடவே வந்துவிடும்.

விடைகள் அழியும்போது

இன்று கேள்வி எதுவானாலும் தேடுபொறியில் இட்டால் நொடியில் விடை வந்துவிடுகிறது; பிறகு எதற்குப் புதிர் என்று கேட்பவர்கள் உண்டு. நமக்குக் கவலை அதுவன்று. விடை எளிதில் கிடைப்பதால் விடுகதை இறந்துவிடாது. விடையாக நிற்கும் பொருளை அறிந்தவர்கள் இல்லாமல் போகும்போதே அது இறக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டு. "கீறியபோது ஒன்றும் தெரியவில்லை, கரி பூசியபோது எல்லாம் தெரிந்தது." பனையோலையில் எழுத்தாணியால் கீறி, பின்னர்க் கரியைப் பூசித் துடைத்து எழுத்தைத் துலங்கச் செய்ததை அறிந்த ஒருவருக்கு இது ஒரு நொடி வேலை. ஓலைச்சுவடியைப் படத்தில் மட்டுமே பார்த்தவருக்கு இதில் விடுவிக்க ஒன்றுமில்லை. விடையைச் சொன்னாலும் முகத்தில் வெளிச்சம் வராது. 'அப்படியா' என்று கேட்டுக்கொள்வார். ஏற்றத்தையும், செக்கையும், உரலையும், மரக்காலையும் பற்றி நம் மூதாட்டியர் சொன்ன நூற்றுக்கணக்கான விடுகதைகளுக்கு இதே நிலை வந்துகொண்டிருக்கிறது. தொகுப்பு நூல்களில் கேள்வியும் இருக்கும், பக்கத்தின் அடியில் விடையும் இருக்கும். இரண்டையும் இணைத்த வாழ்க்கை இருக்காது.

ஆகவே விடுகதையைக் காப்பது என்பது அதன் விடையைக் காப்பதுதான். பிள்ளையிடம் ஆரைக்கீரைக் கதையைச் சொல்லும் ஒருவர், அடுத்த முறை வயல்வெளிப் பக்கம் செல்லும்போது அந்த நாலிலையைப் பறித்துக் காட்டிவிட்டால், கம்பரும் ஔவையும் இன்னும் ஒரு தலைமுறைக்குச் சண்டையிட்டுக் கொண்டிருப்பார்கள். நீராலான தூணைப் பற்றிக் கேட்டவர், நண்பரை அழைத்துச் சென்று பொன்னேரிக் கரையில் நிறுத்திவிட்டால் அந்தச் செப்பேட்டுச் செய்தி அவருக்கு மறக்காது. ஒருவர் அறிந்ததை மற்றவர் தாமே கண்டுபிடித்ததாக மகிழும்படி கொடுப்பதற்கு, இதைக் காட்டிலும் பணிவான வழி வேறு இருப்பதாகத் தெரியவில்லை.

முடிச்சை அவிழ்த்துக் காட்டும் கடமையை இவ்வளவு வலியுறுத்திவிட்டு விடையில்லாமல் முடிப்பது முறையன்று. எனினும் வினாவுத்தரத்தில் விடை வினாவுக்குள்ளேயே இருக்கிறது என்பதால், வாசகர்களுக்கு ஒன்றை விட்டுச் செல்கிறோம். வாள் உறங்குவது எதில்? மக்கள் கூடி வாழ்வது எதில்? யானையைக் கோழி வென்றதாகக் கதை வழங்கும், முற்காலச் சோழரின் தலைநகர் எது?